யென் விலையை ரூபாயாகப் போட்டுச் சுங்கவரி: எங்கே திருத்துவது?

ஜப்பானிலிருந்து பழைய நிக்கான் 105 எம்எம் மேனுவல் லென்ஸ் வரவழைத்தேன். விலை 18,000 யென், நம் காசுக்குப் பத்தாயிரம் சொச்சம். போன வாரமே சென்னை விமான நிலையம் வந்துவிட்டது. பில் ஆஃப் என்ட்ரியில் (சுங்கத்துக்குத் தரும் இறக்குமதிப் படிவம்) மதிப்பு 18,000, பக்கத்திலேயே ஐஎன்ஆர், அதாவது இந்திய ரூபாய். வரி அந்தத் தொகைக்குத்தான் போட்டிருக்கிறார்கள். இது எப்படி நியாயம்?

இன்வாய்ஸ், கார்டு ஸ்டேட்மென்ட், ஆதார் எல்லாம் கூரியருக்கு அனுப்பியாயிற்று. “கஸ்டம்ஸ் போட்டது, நாங்கள் மாற்ற முடியாது, முதலில் கட்டுங்கள்” என்கிறார்கள். நேரில் போனால் வாசலோடு சரி. டெமரேஜ் (சரக்கை எடுக்காமல் வைத்திருப்பதற்கான கட்டணம்) வேறு ஏறுகிறது.

சுங்கச் சட்டம் 1962-இன் 154-வது பிரிவில் எழுத்துப்பிழையைத் திருத்த வழி இருக்கிறது. சென்னையில் அப்படித் திருத்தி வாங்கியவர்கள் யாராவது, பணம் கட்டும் முன்பே எந்த அதிகாரியிடம் மனு கொடுத்தீர்கள்?