புதுப்பிப்பு: மரத்தூள் சர்க்கரையின் ஆன்டிஆக்ஸிடன்ட் திறன் எங்கிருந்து வருகிறது?

நீராவியில் வேகவைத்த பிர்ச் மரத்தூளை சைலனேஸ் நொதியால் (மரத்திலுள்ள சைலான் என்ற நீளச் சர்க்கரைச் சங்கிலியை வெட்டுவது) உடைத்தபோது கிடைத்த குறுஞ்சர்க்கரைக் கரைசல் ஆன்டிஆக்ஸிடன்ட் சோதனையில் நன்றாக வேலை செய்கிறது, அந்தச் சங்கிலியின் ஒற்றைக் கண்ணியான சுத்தமான சைலோஸ் மட்டும் ஏன் அசையவே இல்லை என்று கேட்டிருந்தேன். யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி.

மெத்தனாலில் கரைக்கும் டிபிபிஹெச்சை விட்டு, நீரில் வேலை செய்யும் ஏபிடிஎஸ்ஸுக்கு மாறச் சொன்னது சரிதான் (இரண்டுமே ஆன்டிஆக்ஸிடன்ட் பட்டால் நிறம் வெளுக்கும் சோதனைப் பொருட்கள்). மெத்தனால் பட்டதும் நீளமான சங்கிலிகள் வெள்ளையாகக் கலங்கி, அந்த நிறத்தை 517 நானோமீட்டர் ஒளியில் அளப்பதையே கெடுத்துக்கொண்டிருந்தன.

செயலூட்டிய கரி நிறத்தை எடுத்தது, கூடவே நீளச் சர்க்கரைகளையும் விழுங்கிவிட்டது. அதனால் அதில் ஒன்றும் தேறவில்லை.

கைகொடுத்தது எத்தில் அசிடேட் (நீரோடு எளிதில் கலக்காத கரைப்பான்) யோசனை. கரைசலை அமிலமாக்கி அதோடு குலுக்கி வைத்தால் மேலடுக்கு இளமஞ்சளாகப் பிரிகிறது. சர்க்கரை கீழே நீரில் தங்கிவிடுகிறது. ஏபிடிஎஸ்ஸின் நீலப்பச்சையை வெளுத்த சக்தியில் பெரும்பங்கு அந்த மஞ்சளில்தான் இருந்தது. அதாவது மரத்துக்கு உறுதி தரும் லிக்னினிலிருந்து வந்த பீனால்கள். சர்க்கரைக்குப் பெயர், வேலை செய்தது வேறு ஆள்!

எதிர்பாராதது: நீரடுக்கும் கொஞ்சம் வெளுத்தது, பீனால்கள் உறிஞ்சும் 280 நானோமீட்டர் ஒளியில் சிறு மேடும் மிஞ்சியது. சைலானோடு பிணைந்தே இருக்கும் லிக்னின் துணுக்குகள் என்று நினைக்கிறேன். கொதிக்கவைத்துச் செயலிழந்த நொதியும் தனியாகவே சற்று வெளுக்கிறது (அதன் புரதத்திலுள்ள டைரோசின், டிரிப்டோபன் அமினோ அமிலங்கள் உபயம்), அந்த அளவைக் கட்டாயம் கழித்துவிடுங்கள்.

வைக்கோலில் செய்பவர்களுக்கு: அங்கே ஃபெருலிக் அமிலம் என்ற பீனால் சைலானோடு எஸ்டர் என்னும் வேதிப் பிணைப்பால் ஒட்டியிருக்கும், எத்தில் அசிடேட்டால் மட்டும் அது பிரியாது.