டிஸ்னி வேர்ல்டு மேடைக் கலைஞர்களைத் தெரிந்தவர் யாராவது?

குழுவினருக்கு வணக்கம். கொரோனாவில் வேலை இழந்த பொழுதுபோக்குப் பூங்காக் கலைஞர்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதுகிறேன். உங்கள் உதவி வேண்டும்.

2020 மார்ச்சில் மூடிய ஃபுளோரிடா டிஸ்னி வேர்ல்டு ஜூலையிலேயே திறந்துவிட்டது. ஆனால் மேடை நிகழ்ச்சிகள் பெரும்பாலும் திரும்பவில்லை. செப்டம்பர் கடைசியில் அமெரிக்காவில் 28,000 பேரை நீக்குவதாக டிஸ்னி அறிவித்தது. அடுத்த மாதமே டிஸ்னி வேர்ல்டில் இருந்த, ஆக்டர்ஸ் ஈக்விட்டி என்ற மேடை நடிகர் தொழிற்சங்கத்தைச் சேர்ந்த கலைஞர்கள் 720 பேருக்கு வேலை போனது. ராட்டினம் ஓட்டுகிறவர் முகக்கவசத்தோடு சமாளிப்பார். பாடுகிறவர் என்ன செய்வார்? மனசே ஆறவில்லை.

டிஸ்னி வேர்ல்டு இருக்கும் ஆர்லாண்டோ பக்கம் இருப்பவர்கள், அந்தக் கலைஞர்களில் ஒருவரிடமாவது பேச வழி செய்ய முடியுமா? நிகழ்ச்சிகள் மீண்டும் தொடங்கியபோது பழையவர்களையே கூப்பிட்டார்களா, புதிதாகத் தேர்வு வைத்தார்களா என்பதுதான் முக்கியமாகத் தெரிய வேண்டும். அப்புறம், சொல்பவர் பெயரை வெளியிட மாட்டேன். தனிச்செய்தி அனுப்புங்கள்.