ஃபோம் கவச உடையை 12 இஞ்ச் பொம்மையாக்குவது எப்படி? (சேலம் வெயில், ஏற்காட்டு மூடுபனி)

மலைப்பாதை20 கேட்டது:

வணக்கம். சேர்வராயன் மலைக் காட்டெருமையை வைத்து சொந்தக் கற்பனையில் ஒரு சூப்பர் ஹீரோ. ஹெல்மெட்டில் 36 செ.மீ. நீளத்தில் இரண்டு கொம்பு, மார்புக் கவசம், முழங்காலுக்குக் கீழே கொலுசு வேலைப்பாடு போட்ட கால் கவசம், முதுகில் தொங்குகிற ஒரு கேப் (துணி மேலங்கி). கவசம் எல்லாம் ஈவிஏ ஃபோம் (செருப்பு, தரை மேட்டில் வருகிற மெத்தென்ற ஷீட்). மே மாதம் ஏற்காட்டில் அணிந்து படம் எடுக்க வேண்டும். பிறகு அதே உடையை 1/6 அளவில் அலமாரியில் வைக்கிற பொம்மையாகச் செய்ய வேண்டும். ஆள் உயரம் 174 செ.மீ.

சிக்கல் இதுதான். உடம்பில் அளவெடுத்து பேப்பரில் வெட்டி, அதை வைத்து 10 மி.மீ. ஃபோமை வெட்டினால் முதுகுப்பக்கம் 3 செ.மீ. சேரவே மாட்டேன் என்கிறது. ஒட்டின இடமும் மத்தியான வெயிலில் வாய் பிளக்கிறது (செருப்புக்குப் போடுகிற மஞ்சள் கான்டாக்ட் பசைதான்). மேலே வெள்ளை மரப்பசை பூசி பெயின்ட் அடித்தால் ஏற்காட்டுப் பனியில் நிற்குமா? உடை முடிந்ததும் போனில் சுற்றிப் படம் எடுத்து, 3டி மாடலாக்கி, ஆறில் ஒன்றாகச் சுருக்கி ரெசின் பிரிண்ட் (திரவ ரெசினை ஒளியால் இறுக்குகிற 3டி பிரிண்ட்) எடுத்தால் போதும்தானே?

ஃபோம்வெட்டி:

அந்த 3 செ.மீ. ஃபோமின் தடிமனுக்குள்ள போயிருக்குங்க. ஃபோமை வளைச்சா உள்பக்கம் சுருங்கும், வெளிப்பக்கம் இழுபடும். நீளம் மாறாம இருக்கிறது நடுவில் ஓடுற கோடு மட்டும்தான். உடம்பில் எடுத்தது உள்பக்க அளவு. அதனால முழுசா சுத்திவர்ற துண்டு எதுவானாலும் தடிமனை 3.14ஆல் பெருக்கிச் சேர்த்துக்கணும். 10 மி.மீ.க்கு 31 மி.மீ., 5 மி.மீ.க்கு 16 மி.மீ. அரை வட்டம்னா பாதி. மூச்சு இழுக்க இன்னும் 3, 4 செ.மீ. வேணும், அதை ஃபோமில் விடாம ரெண்டு விலாவிலும் அகல எலாஸ்டிக் வச்சு சரிக்கட்டுங்க. வெட்டின மார்புத் துண்டு வீணாகலை, எலாஸ்டிக்கே அந்தக் குறையையும் மூடிடும்.

பசை பிளக்கிறதுக்குப் பெரும்பாலும் பசை காரணம் இல்லை. தட்டை ஃபோமைக் கையால வளைச்சுப் பிடிச்சு ஒட்டினா, அது நிமிரப் பார்த்துக்கிட்டே இருக்கும். வெயில் பட்டதும் பசை இளகும், ஃபோம் ஜெயிச்சிடும். அதனால ஒட்டுறதுக்கு முன்னாடியே ஹீட் கன்னால சூடாக்கி, தொடையிலோ பானையிலோ வச்சு வளைச்சு, ஆறுற வரைக்கும் பிடிங்க. கையை விட்டாலும் அந்த வளைவு அப்படியே நிக்கணும். அதுக்கப்புறம்தான் பசை. சூடு காட்டுறப்போ 10, 15 செ.மீ. தள்ளிப் பிடிச்சு நகர்த்திக்கிட்டே இருங்க. மேல்தோல் லேசா மினுங்க ஆரம்பிச்சா போதும், துளையும் அடைபட்டிருக்கும். ஒரே இடத்தில் நின்னா குமிழ் விட்டுடும்.

வெட்டின விளிம்பு பஞ்சு மாதிரி. முதல் பூச்சைக் குடிச்சிடும். அது காய்ந்ததும் ரெண்டாவது மெல்லிசா பூசி, விரல் வச்சா ஒட்டாம வர்ற பதம் வரைக்கும் காத்திருந்து சேருங்க. சாதாரணமா 10, 15 நிமிஷம். சேலத்துக் கோடையில் 5 நிமிஷத்துலயே மேலே ஆடை கட்டிடும், உள்ளே கரைப்பான் நிக்கும், அது பிறகு சூட்டில் ஆவியாகித் தள்ளும். தடிமனாப் பூசாதீங்க, காலையிலயே ஒட்டுங்க. ஏற்காட்டில் ஒட்டுறதா இருந்தா கதை நேர் எதிர்: கரைப்பான் ஆவியாகுறப்போ பசை மேற்பரப்பு குளிர்ந்து ஈரம் படிஞ்சிடும், ரெண்டு பக்கமும் ஒட்டாது. அங்க சேர்க்கிறதுக்கு முன்னாடி ஹேர் டிரையர் லேசா காட்டணும். ஈரப் பசை பக்கத்தில் ஹீட் கன் மட்டும் கூடவே கூடாது, ஆவி தீப்பிடிக்கும்.

வெள்ளைப் பசை தண்ணி பட்டா மறுபடி இளகும். பனி வேண்டாம், அக்குள் வியர்வையே போதும். போடணும்னா பசையும் தண்ணியும் சரிபாதி கலந்து மூணு மெல்லிய பூச்சு, மேலே அக்ரிலிக் பெயின்ட், அதுக்கு மேல தண்ணி கரைக்காத வார்னிஷ் ரெண்டு கோட். முழங்கால், தோள் மாதிரி மடங்குற இடத்தில் வெள்ளைப் பசை வெடிக்கும், அங்க ரப்பர் ஸ்பிரே பூச்சுதான் சரி. ஸ்பிரே வேலை எல்லாத்தையும் சேலத்துலயே முடிச்சிடுங்க. ஈரக்காத்தில் வார்னிஷ் அடிச்சா பால் ஊத்தின மாதிரி வெளுத்துடும்.

தடிமன்: மார்பு 10, கொம்பும் கால் கவசமும் 5, வேலைப்பாடு 2 மி.மீ. நகத்தால அழுத்துங்க, உடனே மேலே வர்ற ஃபோம்தான் வேணும். பள்ளம் அப்படியே நின்னா அது ரெண்டாவது தடவை போடுறதுக்குள்ள நசுங்கிடும்.

ரெசின்தொட்டி:

கடைசிக் கேள்விக்கு மட்டும் பதில்: போதாதுங்க. உடையை அப்படியே சுருக்கினா பொம்மை வராது, உடைஞ்ச துண்டுங்கதான் வரும். 174 செ.மீ. ஆள் 29 செ.மீ. ஆகிறார், சரி. ஆனா 5 மி.மீ. கால் கவசம் 0.83 மி.மீ. ஆகுது, 2 மி.மீ. வேலைப்பாடு 0.33 மி.மீ. ஆகுது. முதல் கோட் பிரைமரிலேயே அது மறைஞ்சிடும். கேப் துணி அரை மி.மீ. இருந்தா சுருங்கி 0.1க்கும் கீழே போகுது, அதை எந்தப் பிரிண்டரும் தாங்காது. அதனால பிளெண்டரில் (3டி மாடல் செய்ற மென்பொருள்) பாகம் பாகமாப் பிரிச்சு, தனியா நிக்கிற விளிம்பெல்லாம் குறைஞ்சது 1 மி.மீ., கேப் 1.5 மி.மீ. (விளிம்பில் மட்டும் சீவிக்கலாம்), புடைப்பு வேலை 0.6 மி.மீ. உயரம்னு ஏத்தணும். கத்தியால கீறின 3 மி.மீ. கோடு அரை மி.மீ. ஆகும், அதை 0.8 ஆக்குங்க. கண் பார்க்கிறது விகிதாசாரத்தை இல்லை, நிழலை. சின்னப் பொருளில் நிழல் விழணும்னா பள்ளத்தைக் கொஞ்சம் மிகைப்படுத்தணும்.

ஸ்கேன் எடுக்கிறதைப் பத்தி. ஆள் போட்டுக்கிட்டு நின்னா 100 படம் எடுக்கிறதுக்குள்ள ஆடிடுவார். துணிக்கடை பொம்மைக்கு மாட்டி எடுங்க. இடுப்பு, மார்பு, தலைக்கு மேல்னு மூணு உயரத்தில், 10 டிகிரிக்கு ஒரு படம், சுத்துக்கு 36, மொத்தம் 108. போனில் ஃபோகஸையும் வெளிச்சத்தையும் பூட்டிடுங்க. ஃபிரேமுக்குள்ள ஒரு மீட்டர் ஸ்கேல் இருக்கணும், இல்லைன்னா கணினிக்கு அளவு தெரியாது. பளபளப்பான பரப்பு ஸ்கேனில் குழி குழியா வரும். அதனால அடிப்படை நிறம் அடிச்சு, வார்னிஷ் போடாத மட் (பளபளப்பில்லாத) நிலையில் எடுங்க, இதுதான் முக்கியம். வார்னிஷை ஸ்கேன் முடிஞ்ச பிறகு சேலத்தில் அடிச்சுக்கலாம். வெளிச்சத்துக்கு ஏற்காட்டு மேகமூட்டம் ஸ்டுடியோவை விட நல்லது, நிழலே விழாது. பனி இறங்கிட்டா மட்டும் நிறுத்திடணும். கேப்பைக் கழட்டிடுங்க, காத்துல ஒவ்வொரு படத்திலும் வேற வடிவத்தில் இருக்கும். அதை பிளெண்டரில் தனியா செஞ்சுக்கலாம்.

29 செ.மீ. பொம்மை சின்ன ரெசின் பிரிண்டரில் ஒரே துண்டா ஏறாது. தலை, உடல், கை, கால்னு வெட்டி, செருகுக் கட்டைக்கு ஒவ்வொரு பக்கமும் 0.2 மி.மீ. இடைவெளி விடுங்க. உள்ளே குடைஞ்சு 2 மி.மீ. சுவர், வடிகால் துளை 3 மி.மீ. அளவில் ரெண்டு. துளை விடலைன்னா உள்ளே சிக்கின ரெசின் மாசக்கணக்கில் கழிச்சும் கால் வழியா வெடிச்சு ஒழுகும். கொம்பு 6 செ.மீ.தான் வரும், நுனி 2 மி.மீ. தட்டினா போச்சு. அதுக்குள்ள 1 மி.மீ. கம்பி போற மாதிரி ஓட்டை வச்சுப் பிரிண்ட் எடுங்க. பிரிண்டின் ஒவ்வொரு அடுக்கும் 0.05 மி.மீ. தடிமன். அறை 20 டிகிரிக்குக் கீழே இருந்தா ரெசின் கெட்டியாகி தட்டில் ஒட்டாது. ஏற்காட்டு மார்கழியில் பிரிண்ட் போடுறவங்க பாட்டிலை வெந்நீரில் வச்சு 25 டிகிரிக்குக் கொண்டுவரணும். நைட்ரில் கையுறை கட்டாயம். பிரிண்டைக் கழுவின ஆல்கஹாலைச் சாக்கடையில் ஊத்தாதீங்க. நெருப்புப் படாத இடத்தில் வெயிலில் வச்சா கரைஞ்ச ரெசின் திரியும், வடிகட்டித் திரும்பப் பயன்படுத்தலாம்.

ஜெராக்ஸ்_காகிதம்:

ரெசின்தொட்டி சொன்ன அளவெல்லாம் சரி. ஆனா மார்பு, கால் கவசத்துக்கு ஸ்கேனே தேவையில்லைன்னு நினைக்கிறேன். ஃபோம் வெட்டின அச்சுக் காகிதம் (அளவுப் பேப்பர்) கையில் இருக்கே! ஜெராக்ஸ் கடையில் பெரும்பாலான மெஷின் 25 சதவீதத்துக்குக் கீழே சுருக்காது. அதனால முதலில் 50, அந்த நகலை மறுபடி 33 சதவீதம். ஏறக்குறைய ஆறில் ஒன்று வந்துடும். பெரிய அச்சை A3 துண்டுகளா வெட்டி, பொருத்தக் குறி போட்டு எடுங்க. ஸ்டேஷனரி கடையில் கிடைக்கிற 1, 2 மி.மீ. கிராஃப்ட் ஃபோமில் வெட்டி, மூட்டு அசையிற 12 இஞ்ச் பொம்மை உடம்பில் ஒட்டினா, உண்மையான உடை எப்படி மடியுமோ அதே குணம் சின்னதிலும் இருக்கும். அசல் வெட்டுக்கோடே பொம்மையிலும் இருக்கிறதுதான் இந்த வழியோட அழகு.

ஒரு எச்சரிக்கை: 3.14 கணக்கு இங்கேயும் உண்டு. 10 மி.மீ. ஃபோமுக்குப் பதில் 2 மி.மீ. போடுறீங்கன்னா அது விகிதத்தில் 12 மி.மீ.க்குச் சமம், துண்டு கொஞ்சம் குறையும். ஒரு மி.மீ. கூட்டி வெட்டுங்க. கேப்புக்கு மெல்லிய மல் துணி, ஓரத்தில் 0.5 மி.மீ. கம்பி மடிச்சு ஒட்டி. பாலியஸ்டர் விறைச்சு நிக்கும், கூடாரம் மாதிரி தெரியும்.

பெயின்ட்டிலும் அளவு இருக்கு. உடைக்கு அடிச்ச அதே வெள்ளி ஸ்பிரேயைப் பொம்மைக்கு அடிச்சா மினுக்குத் துகள் ஒவ்வொண்ணும் கண்ணுக்குத் தெரியும். மாடல் கடைகளில் விக்கிற நுண்துகள் அக்ரிலிக் வெள்ளி வாங்குங்க. முழுப் பளபளப்பும் வேண்டாம், அரை மட் வார்னிஷ்.

கொலுசுப்பட்டறை:

சேலத்தில் வெள்ளிக் கொலுசுப் பட்டறைகள் இருக்கிற செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் இருக்கிறவங்களுக்கு கால் கவச வேலை சுலபம். உடையில் கொலுசு வடிவத்துக்கு நிஜ வெள்ளி வேண்டாம். களிமண்ணில் ஒரு கண்ணி செஞ்சு, சிலிக்கான் அச்சு எடுத்து, பாலியூரிதேன் ரெசின் வார்த்து 40, 50 துண்டு எடுத்து ஒட்டலாம். களிமண் கந்தகம் இல்லாததா பாருங்க. கந்தகம் இருந்தா பிளாட்டினம் வகை (பிளாட்டினத்தால இறுகுற) சிலிக்கான் தொட்ட இடத்தில் இறுகவே இறுகாது, பிசுபிசுன்னு நிக்கும். சரியா யூவி (புற ஊதா ஒளி) காட்டி இறுக்காத ரெசின் பிரிண்ட் மேல ஊத்தினாலும் அதே கதிதான். தகர வகை சிலிக்கான் இதைப் பொறுத்துக்கும், ஆனா கொஞ்ச நாளில் சுருங்கும். பாலியூரிதேன் ஈரத்தை இழுத்து நுரைச்சுப் பொங்கும், மழைக்காலத்தில் திறந்த டப்பாவை நம்பாதீங்க.

பொம்மைக்கு நிஜ வெள்ளி போடலாம், அழகாவே இருக்கும். உங்க அளவுக்கு 1 மி.மீ. கண்ணி இருக்கிற மெல்லிய சங்கிலி 5, 6 செ.மீ. நீளம் ஒரு காலுக்குப் போதும். அடியில் ரப்பர் பட்டை வச்சிடாதீங்க: வல்கனைஸ் பண்ணின ரப்பரில் கந்தகம் இருக்கு, வெள்ளி கறுத்துடும். ஈவிஏ ஃபோம் மேல வைக்கலாம். பற்றவைக்கிற வேலை எல்லாம் பொம்மைக்கு வெளியே முடிச்சு, கடைசி வளையத்தை மட்டும் காலில் மாட்டி இடுக்கியால அழுத்துங்க.

மலைப்பாதை20:

எல்லாருக்கும் நன்றி. அப்போ முகம், ஹெல்மெட், கொம்பு மூன்றும் ரெசின். கவசம் கிராஃப்ட் ஃபோம். கொலுசு வெள்ளி என்று கலந்து செய்கிறேன். ஃபோம்வெட்டி அண்ணா, கொம்போடு ஹெல்மெட்டை மலைமேல் எடுத்துப் போவது எப்படி? காரில் பின் சீட்டில் வைத்தால் போதுமா?

ஃபோம்வெட்டி:

கலந்து செய்றது நல்ல முடிவு தம்பி. முகத்தை மட்டும் தனியா, பக்கத்தில் நின்னு 40, 50 படம் எடுத்துக்கோ, முழு உடம்பு ஸ்கேனில் முகம் மழுங்கிடும்.

கொம்பைக் கழட்டுற மாதிரி செய். கொம்பின் அடியிலும் ஹெல்மெட்டிலும் 10×3 மி.மீ. நியோடிமியம் காந்தம் நாலு நாலு, ஃபோமுக்குள்ள பள்ளம் எடுத்து எபாக்ஸியில் புதைச்சு வை. ஒட்டுறதுக்கு முன்னாடி ஈர்க்கிற பக்கத்தில் மார்க்கர் புள்ளி வை, மாத்தி ஒட்டிட்டா எபாக்ஸியைப் பேத்துத்தான் ஆகணும். காந்தம் மட்டும் இருந்தா கொம்பு சுழலும், நடுவில் 8 மி.மீ. மரக்குச்சி ஒண்ணு செருகுற மாதிரி விடு.

பின் சீட் வேண்டாம். 20 கொண்டை ஊசி வளைவிலும் அது உருண்டுக்கிட்டே வரும். பெட்டியில் போட்டு, ஹெல்மெட்டுக்குள்ள பழைய துண்டைத் திணிச்சு, முன் சீட்டுக்குப் பின்னாடி தரையில் வை. அடிவாரத்தில் டீ குடிக்க வண்டியை வெயிலில் நிறுத்தினா கண்ணாடியை இறக்கிட்டுப் போ. மூடின கார் உள்ளே ஏறுற சூட்டில் பசையும் இளகும், ஃபோமும் பழைய தட்டைக்குத் திரும்பப் பார்க்கும். மேலே போனதும் உடனே மாட்டாம ஒரு அரை மணி நேரம் திறந்து வை. பையில் கான்டாக்ட் பசை சின்ன டப்பா, ஹேர் டிரையர், ரெண்டு உதிரி காந்தம்.