எம்ஆர்ஐ எடுத்தவங்க, எல்லைப் பக்கத்து ஆளுங்க, உங்க அனுபவத்தைச் சொல்லுங்க

வேலந்தாவளத்துக்காரன்:
எங்க அத்தைக்கு இடுப்பு வலி கால் வரைக்கும் இறங்கிருச்சுங்க. பாலக்காட்டு டாக்டர் முதுகுத்தண்டு எம்ஆர்ஐ எழுதிக் குடுத்தார். ஸ்கேன் எடுக்கிற இடத்துல ஒரு பொண்ணு பாரத்தை வச்சுக்கிட்டுக் கேள்வி மேல கேள்வி: பேஸ்மேக்கர் இருக்கா, ஆபரேஷன் பண்ணி உள்ள பிளேட் வச்சிருக்கா, கண்ணுல எப்பவாச்சும் இரும்புத்தூள் விழுந்துச்சா. எல்லாத்துக்கும் "இல்லீங்". அப்புறம் தாலிக்கொடியைக் கழட்டச் சொல்லவும் அத்தை பெஞ்சை விட்டு எந்திரிக்கவே இல்லை. மாமா பக்கத்துலயே நிக்கிறப்ப எப்படிக் கழட்டறது! அந்தப் பொண்ணு கொடியில கோத்திருந்த ஊக்கைத் தொட்டுக் காட்டி, "அம்மே, ஸ்வர்ணத்தெ மேக்னட் வலிக்கில்ல. ஈ பின் ஆணு பிரஷ்னம்"னுச்சு. தங்கத்தைக் காந்தம் இழுக்காது, இந்த ஊக்குதான் பிரச்சனையாம். பாத்தா மூணு ஊக்கு, ஒண்ணு துருவேறிப் போனது. கடைசில மாமா ஒரு மஞ்சக்கயிறு வாங்கிட்டு வந்து கட்டிவிட்டு, கொடியை வேட்டி மடியில முடிஞ்சுக்கிட்டார். மெட்டி கழட்டத்தான் சோப்புத்தண்ணி தேவைப்பட்டுச்சு.

நகரி தறிக்காரர்:
நமக்கு முட்டி. வண்டியில இருந்து விழுந்தா எங்க பக்கம் முதல்ல புத்தூர் கட்டுதான், நானும் போட்டேன். வீக்கம் வடிஞ்சுது, ஆனா படி இறங்குனா முட்டி நழுவுது. எக்ஸ்ரேல எலும்பு சுத்தமா இருந்துச்சு. உள்ளார குறுக்கு லிகமென்ட் கிழிஞ்சிருந்தது எம்ஆர்ஐ எடுத்தப்புறம்தான் தெரிஞ்சுது. "கதலகுண்டா படுகோண்டி", அசையாமப் படுங்கன்னு சொல்லிட்டுக் கதவைச் சாத்துனாங்க. சத்தம் அப்படியே விசைத்தறி ஷெட்டு மாதிரி. மத்தவங்க பயப்படுறாங்க, நான் தூங்கிட்டேன். அது என்ன, உள்ளார மோட்டாரா ஓடுது?

ஸ்கேன் ரூம் ஆள், பாலக்காடு:
மோட்டார் இல்லைங்க. பெரிய காந்தத்துக்குள்ள கிரேடியன்ட் காயில்னு தனியா இருக்கு. உடம்புல எந்த இடத்துச் சிக்னல்னு பிரிச்சுக் காட்டுறது அதுதான். அதுல கரண்ட் சடசடன்னு மாறும்போது காயிலே அதிருது, அந்தச் சத்தம்தான்.

உடம்புத் தண்ணியிலயும் கொழுப்புலயும் இருக்கிற ஹைட்ரஜன் அணுக்கருதான் எங்களுக்குப் படம் குடுக்குது. 1.5 டெஸ்லா (காந்த பலத்தோட அளவு) காந்தத்துல அது 64 மெகாஹெர்ட்ஸ் ரேடியோ அலைக்கு மட்டும் அசையும். அலையை நிறுத்தினதும் அது திருப்பி விடுற சிக்னலைப் பிடிக்கிறோம். எஃப்எம் அலைவரிசைக்குக் கொஞ்சம் கீழதான் இது, அதனால வெளி ரேடியோ நுழையாம அறையைச் சுத்திச் செம்புத் தகடு அடிச்சிருப்போம். எக்ஸ்ரே கதிர்வீச்சு துளியும் கிடையாது. முதுகெலும்புகளுக்கு நடுவுல மெத்தை மாதிரி இருக்கிற டிஸ்க் தண்ணி வத்திப்போனா, தண்ணியை வெள்ளையாக் காட்டுற டி2ங்கிற வகைப் படத்துல கறுப்பா நிக்கும். அத்தைக்கு அதைத்தான் பாத்திருப்பாங்க.

ஊக்கு விஷயத்துல அந்தப் பொண்ணு செஞ்சது நூத்துக்கு நூறு சரி. பூமியோட காந்தத்தைவிட இது ஏறக்குறைய முப்பதாயிரம் மடங்கு. ஸ்கேன் ஓடலைன்னாலும் காந்தம் அணையாது. மைனஸ் 269 டிகிரி திரவ ஹீலியத்துல ஊறிக்கிட்டு ராத்திரி பகலா இழுத்துக்கிட்டே இருக்கும். 2018-ல மும்பையில ஆக்சிஜன் சிலிண்டரோட உள்ள போன ஒருத்தர் உயிரே போச்சு. தங்கத்தை இழுக்காதுதான், ஆனா ரேடியோ அலையில சூடாகலாம், பக்கத்துல படமும் கெடும்.

செங்கோட்டைக்காரி:
என் தங்கச்சிக்குத் தலை ஸ்கேன், திருவனந்தபுரத்துல. படம் தெளிவாத் தெரியக் கான்ட்ராஸ்ட் ஊசி போடணும்னு சொல்லி, கிட்னி எப்படின்னு பாக்கிற கிரியேட்டினின் ரத்த டெஸ்ட் ரிசல்ட் வர்ற வரைக்கும் உக்கார வச்சுட்டாங்க. புனலூர் பஸ்ஸும் போச்சு. சின்ன வயசுக்காரிக்கு எதுக்கு இந்த டெஸ்ட்டு?

ஸ்கேன் ரூம் ஆள், பாலக்காடு:
அந்த ஊசியில இருக்கிறது கடோலினியம்ங்கிற உலோகம், அது வெறுமனே உடம்புக்குள்ள போனா விஷம். அதனால ஒரு மூலக்கூறுக் கூண்டுக்குள்ள பூட்டித்தான் போடுறோம், கூண்டோட சிறுநீர்ல வெளியேறணும். கிட்னி ரொம்பப் பழுதானவங்களுக்கு அது தங்கிப் போய், தோல் கட்டியா இறுகுற நோய் வருதுன்னு 2006-ல கண்டுபிடிச்சாங்க. வளையமாச் சுத்தின கூண்டு உறுதியானது, திறந்த நூல் மாதிரியான பழைய வகைகள் சிலதை ஐரோப்பாவுல 2017-ல நிறுத்திட்டாங்க. வயசு குறைஞ்சவங்களுக்குக் கிட்னி நோய் எதுவும் இல்லைன்னா பல இடத்துல கேள்வியோட விட்டுடுவாங்க. உங்களுக்குக் கொஞ்சம் கூடுதல் ஜாக்கிரதை பாத்திருக்காங்க, அவ்வளவுதான். 60 கிலோ ஆளுக்கு வழக்கமா 12 மில்லிதான். அது சாயம் கிடையாது. பக்கத்துல இருக்கிற தண்ணியைச் சீக்கிரம் பழைய நிலைக்குத் திருப்புது, அதனால டி1ங்கிற இன்னொரு வகைப் படத்துல அந்த இடம் வெள்ளையாத் தெரியும். மூளையில ரத்தத்துல இருக்கிறதை உள்ள விடாமக் காக்கிற ரத்தக்குழாய்ச் சுவர் எங்க ஓட்டையோ, அங்கதான் கசிஞ்சு வெளுக்கும்.

செங்கோட்டைக்காரி:
அவ பால் குடுக்கிறவ. நிறுத்தணுமா?

ஸ்கேன் ரூம் ஆள், பாலக்காடு:
வேண்டாம்மா, பால்ல போறது ரொம்ப ரொம்பக் கம்மி. கர்ப்பமா இருந்தாத்தான் முன்கூட்டியே சொல்லணும், அப்ப இந்த ஊசி ரொம்ப அவசியம்னா ஒழியப் போடமாட்டோம்.