குளக்கட்டோரம் மரம் நட யோசனை வேண்டும்

வணக்கம். வவுனியா நகருக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் பழைய சின்னக் குளத்தின் அலைகரை போன மாரியில் அரித்து, கட்டு ஒரு முழத்துக்கு இடிந்து கிடக்கிறது. கொங்கிரீட் போடச் சொல்கிறார்கள். எனக்கு மனமில்லை. முன்பு குளத்துக்குத் தண்ணீர் வரும் பக்கம் மரங்களை விட்டுக் காற்றைத் தடுத்தார்கள். கட்டுக்குக் கீழே, வயலுக்கு முன்னால், துண்டுக் காடு தண்ணீரில் வரும் உவரை (உப்பை) வயலுக்குப் போகாமல் பிடித்து வைத்தது. ஒரு குளத்துத் தண்ணீர் அடுத்த குளத்துக்குப் போகும் இந்தத் தொடர்குள முறையை 2017 இல் ஐ.நா. உணவு விவசாய அமைப்பே உலக வேளாண் மரபாக ஏற்றது. நாங்களோ அந்தக் காட்டை வெட்டிக் கத்தரி நட்டோம்!

சரி, மருதமரக் கன்று எங்கே எடுக்கலாம்? கட்டிலேயே நட்டால் வேர் துளைத்துத் தண்ணீர் கசியுமா? எத்தனை அடி தள்ளி நட வேண்டும்? அப்புறம், மாடு கடிக்காமல் காக்க என்ன வழி? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள், மாரிக்கு முன் நட்டாக வேண்டும்.