டோக்மா 60.1: வளைந்த முன் ஃபோர்க் அழகுக்கு மட்டும்தானா?

கேள்வி:
இத்தாலியின் ட்ரெவிசோவைச் சேர்ந்த பினரெல்லோ நிறுவனத்தின் டோக்மா 60.1 பந்தய சைக்கிளைப் பார்க்கும்போதெல்லாம் என் கண் அதன் முன் ஃபோர்க்கிலேயே, அதாவது முன்சக்கரத்தை இருபுறமும் தாங்கும் கவையிலேயே, நின்றுவிடுகிறது. மற்றவற்றில் நேராக இறங்கும் இரு கால்களும் இதில் அலைபோல நெளிந்து இறங்குகின்றன. சீட்டுக்கும் பின்சக்கரத்துக்கும் இடையிலுள்ள குழாய்களிலும் அதே நெளிவு தொடர்கிறது. சிலர் இதை அவலட்சணம் என்கிறார்கள். எனக்கோ பேரழகாகத் தோன்றுகிறது. இதனால் ஓட்டுபவருக்குப் பயன் உண்டா?

பதில் 1:
'ஓண்டா' எனப்படும் அந்த வளைவு சாலையின் அதிர்வைக் குறைக்கும் என்பது நிறுவனத்தின் விளக்கம். ஆயினும் அதிர்வைப் பொறுத்தவரை டயரின் அகலமும் காற்றழுத்தமுமே பெரிதும் தீர்மானிக்கின்றன என்பதால், அதை நான் முதன்மையாக ஓர் அடையாளமாகவே மதிக்கிறேன். பந்தயக் கூட்டத்தின் நடுவிலும் பினரெல்லோவைத் தொலைவிலிருந்தே இனங்காண முடியும்.

பதில் 2:
ஃபோர்க்கைவிட வியப்பானது அதன் ஃபிரேம். செயின் வலப்புறம் மட்டுமே இருப்பதால் மிதிக்கும் விசை இரு பக்கமும் சமமாக விழுவதில்லை; அதைக் கணக்கில் கொண்டு, 2009இல் அறிமுகமான இந்த கார்பன் ஃபிரேமின் இடப்பக்கத்தையும் வலப்பக்கத்தையும் வெவ்வேறு வடிவில் அமைத்தார்கள். பின்னால் நின்று பின்சக்கரத்தின் இருபுறக் குழாய்களையும் ஒப்பிட்டால் வேறுபாடு புலப்படும்.

பதில் 3:
துணிச்சலான வடிவம் என்றால் என் தேர்வு இன்னொரு இத்தாலிய நிறுவனமான கொல்னாகோவின் மாஸ்டர் சைக்கிள்தான். அதன் எஃகுக் குழாய்கள் நீளவாக்கில் உள்வாங்கியிருப்பதால், ஒவ்வொரு வரிப்பள்ளத்திலும் வண்ணம் வேறு வேறாக ஒளிர்கிறது. டோக்மாவையும் நான் குறைத்து மதிப்பிடவில்லை. கறுப்பு நிறத்தில் அந்த நெளிவு இன்னும் எடுப்பாகத் தெரியும்.