கையில் தாளம், வாயில் பாட்டு: டிரம்ஸ் வாசித்தபடியே பாடுவோரின் அனுபவங்கள்

கோபிசெட்டிபாளையத்திலிருந்து, மெல்லிசைக் குழுவில் டிரம்ஸ் வாசிப்பவர்:

டிரம்ஸ் வாசிப்பவர் பாடவும் செய்தால் கூட்டம் அதை ஒரு வித்தையாகப் பார்க்கிறது. மாரியம்மன் கோயில் நோன்பிக்குக் கச்சேரி செய்துவிட்டு இறங்கினால், முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பெரியவர்களில் ஒருவராவது வந்து கையைப் பிடித்துக்கொண்டு, "ஏங்கண்ணு, கை ஒரு பக்கம் போகுது, வாய் ஒரு பக்கம் போகுது, எப்படிச் சாமி சமாளிக்கறே?" என்று கேட்பார். கேள்வியில் உள்ள அன்பை நான் தலைவணங்கி ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் கையும் வாயும் வெவ்வேறு பக்கம் போனால் பாட்டு நிற்காது. இரண்டும் ஒரே பக்கம் போக வேண்டும். எந்தப் பக்கம் என்பதைப் பாட்டுதான் முடிவு செய்ய வேண்டும். இந்தக் கலையைப் பற்றி எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான், ஆனால் இதைத் தெரிந்துகொள்ள எனக்கு வெகுகாலம் ஆயிற்று.

எங்கள் குழு சத்தியமங்கலம், அந்தியூர், பவானி, பெருந்துறை வட்டாரங்களில் திருவிழாக்களுக்கும் கல்யாண வரவேற்புகளுக்கும் வாசிக்கிறது. பங்குனி, சித்திரை வந்துவிட்டால் தொடர்ந்து இரவுக் கச்சேரிதான். அப்படிப்பட்ட ஒரு பருவத்தில் பாடகருக்குத் தொண்டை கட்டிக்கொண்டபோது, குழுத்தலைவர் என்னைப் பாடச் சொன்னார். எலக்ட்ரானிக் ரிதம் பேடு வாசிக்கும் தம்பி தாளத்தைப் பார்த்துக்கொள்வான், நான் எழுந்து முன்னால் போய் நிற்கலாம் என்பது அவருடைய எண்ணம். குச்சியைக் கீழே வைக்க மனம் வரவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே பாடினேன். பாட்டு நன்றாக வந்ததாகத்தான் எல்லாரும் சொன்னார்கள். எங்கள் தபேலாக்காரர் மட்டும், தவில் பழகிய குடும்பத்தில் பிறந்தவர், மறுநாள் காலையில் என்னை வீட்டுக்கு வரச் சொன்னார்.

அவர் வீட்டுத் திண்ணையில் டிரம்ஸ் கிடையாது. தொடையில் தாளம் போட்டு அதே பாட்டைப் பாடச் சொன்னார். பல்லவி சமத்தில், அதாவது தாளத்தின் முதல் அடியில், தொடங்காமல் அரை இடம் தள்ளி எடுக்கும் பாட்டு அது. தாளம் கையில் விழுந்த பிறகே சொல் வாயில் வர வேண்டும். பாடிப் பார்த்தபோது அவர் என் கையைக் காட்டி, "இப்பக் கை சும்மா இருக்குது. ராத்திரி இந்த எடுப்புக்கு முன்னாடி நீ ஒரு ரோல் அடிச்சே. அடிச்ச கை சமத்துல வந்து நின்னுச்சு, அது பின்னாலயே குரலும் போயிருச்சு" என்றார். வரிகளுக்கு நடுவில் டிரம்ஸில் வேகமாக உருட்டி அடிப்பதைத்தான் ரோல் என்கிறோம். அரை இடம் தள்ளி வர வேண்டிய பல்லவி சமத்துக்கு இழுபட்டதை அந்தக் கூட்டத்தில் கேட்ட ஒரே காது அவருடையது. டிரம்ஸ் வாசிப்பவரின் உடம்பு சமத்தை நோக்கியே ஓடும். காலால் அடிக்கும் கிக் டிரம், பெரிய தட்டான கிராஷ் சிம்பல் இரண்டும் அங்கேதான் விழுகின்றன. நம் சினிமாப் பாட்டுகளிலோ சொல் பெரும்பாலும் சமத்தை விட்டு விலகியே தொடங்குகிறது, ஒன்றரை இடம் தள்ளியும் தொடங்குகிறது. ஆகவே நம் பாட்டுகளைப் பாடிக்கொண்டே வாசிப்பவர், எந்த ரோலை அடிக்கலாம் என்பதற்கு முன்னால் எந்த ரோலை அடிக்காமல் விடலாம் என்பதைத் தீர்மானித்தாக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அவர் சொல்லிக்கொடுத்த முறையையே இன்றும் பின்பற்றுகிறேன். முதலில் பாட்டை வெறும் கைத்தாளத்தோடு, காகிதத்தைப் பார்க்காமல் பாடும்வரை பழக வேண்டும். அடுத்து ஹைஹேட் என்ற ஜோடித் தட்டும் காலும் மட்டும்; முன்னாலிருக்கும் ஸ்னேர் டிரம் வேண்டாம். அந்தக் கட்டத்தில் ராகத்தைக்கூட விட்டுவிட்டு, சொற்களைப் பேசுவதுபோலச் சொல்லிக்கொண்டே வாசிப்பது நல்லது, ஏனென்றால் எந்த அசை எந்த அடியின்மேல் விழுகிறது, எது இரண்டு அடிகளுக்கு நடுவில் நழுவுகிறது என்பது அப்போதுதான் தெளிவாகத் தெரியும். ஸ்னேரைக் கடைசியில் சேர்க்கும்போது ஒரு புதிய தொல்லை முளைக்கும். மெலடிப் பாட்டில் ஒரு நெடிலைப் பிடித்து நிறுத்தியிருக்கும்போது நடுவில் ஸ்னேர் விழுந்தால், தோள் அசைவதோடு குரலும் குலுங்கும். தோளிலிருந்து அடிக்காமல் மணிக்கட்டிலிருந்து அடிக்கப் பழகினால் இது பெரும்பாலும் தீர்ந்துவிடும்; வேகமான குத்துப் பாட்டில் முழுவதும் தீராது, தீர வேண்டிய அவசியமும் இல்லை.

மூச்சைப் பற்றித்தான் அதிகம் பேச வேண்டும். கிக் பெடலைக் குதிகால் தூக்கி அடிப்பவருக்கு அடிவயிறு இறுகுகிறது; பாடுவதற்கோ அந்த அடிவயிறுதான் தளர்ந்து விரிய வேண்டும். நான் இருக்கையைச் சற்று உயர்த்திக்கொண்டேன். முழங்காலைவிட இடுப்பு மேலே இருந்தால் வயிறு மடங்காது. மெதுவான பாட்டுகளில் குதிகாலைப் பெடலின்மேலேயே வைத்து வாசிக்கிறேன். பாட்டுக் காகிதத்தில் மூச்சு எடுக்க வேண்டிய இடங்களில் கோடு போட்டு வைப்பதும், ரோல் அந்தக் கோடுகளில் மட்டுமே வர வேண்டும் என்று எனக்கு நானே கட்டுப்பாடு விதித்துக்கொண்டதும் மிகப் பெரிய உதவியாக இருந்தன. குரல் ஓயும் இடத்தில் டிரம்ஸ் பேசுகிறது. டிரம்ஸ் அடங்கும்போது குரல் எழுகிறது. கேட்பவருக்கு இது இட்டுக்கட்டியதாகத் தெரியாது, பாட்டே மூச்சு விடுவதாகத்தான் படும்.

காலப்பிரமாணம், அதாவது பாட்டின் வேகம் மாறாமல் இருப்பது, இன்னொரு சோதனை. சரணத்தின் கடைசி வரி உச்சத்துக்குப் போகும்போது உணர்ச்சியோடு தாளமும் வேகமெடுத்து ஓடும். முன்னால் நின்று பாடுபவருக்கு ஓடினால் டிரம்ஸ் வாசிப்பவர் இழுத்துப் பிடிப்பார். இருவரும் ஒரே ஆளாக இருந்தால் பிடிப்பதற்கு ஆள் இல்லை. இதற்காகக் காதில் கிளிக், அதாவது சீரான வேகத்தில் டிக் டிக் என்று ஒலிக்கும் சத்தம், வைத்து வாசிக்கிறேன். அதைக் குறையாக நினைக்கும் மூத்தவர்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் வாதிட விரும்பவில்லை.

மேல்நாட்டு ராக் இசையிலும் இதற்கு முன்னோடிகள் உண்டு. ஜெனிசிஸ் குழுவிலிருந்து பீட்டர் கேப்ரியல் 1975-ல் விலகிய பிறகு, அதுவரை டிரம்ஸ் வாசித்துவந்த பில் காலின்ஸ் முதன்மைப் பாடகரானார். ஆனால் 1976-ல் மேடைச் சுற்றுப்பயணம் புறப்பட்டபோது, காலின்ஸ் முன்னால் நின்று பாடுவதற்காக பில் புரூஃபோர்டை டிரம்ஸுக்கு அமர்த்திக்கொண்டார்கள். ஈகிள்ஸ் குழுவின் டான் ஹென்லியும், தி பேண்ட் குழுவின் லெவன் ஹெல்மும் டிரம்ஸை விட்டு எழாமலே முதன்மைக் குரலாகப் பாடினார்கள். ஹெல்ம் பாடும் காணொளிகளை நான் திரும்பத் திரும்பப் பார்ப்பதுண்டு. கை எளிமையாகவே வாசிக்கிறது. சொல் மட்டும் துளி சிதறாமல் வருகிறது.

திருப்பூரிலிருந்து, சவுண்டு சர்வீஸ் நடத்துபவர்:

கோபி அண்ணன் மூச்சைப் பற்றிச் சொன்னார். மிக்ஸருக்குப் பின்னால் நிற்கும் எனக்கு இந்த விஷயம் வேறு மாதிரி வருகிறது. பாடும் டிரம்ஸ்காரரின் மைக் குரலை மட்டும் எடுப்பதில்லை. ஸ்னேர், ஹைஹேட், கிராஷ் எல்லாவற்றையும் சேர்த்து எடுக்கிறது. குரல் போதவில்லை என்று மிக்ஸரில் ஒலியளவுக்கான ஃபேடரை ஏற்றினால் குரலோடு சிம்பலும் ஏறும். தகரக் கூரை போட்ட மண்டபத்தில் அந்தச் சிம்பல் சத்தம் சுவரில் மோதித் திரும்பும்போது சொல் ஒன்றுகூட விளங்காது.

இதற்குப் பணம் செலவழித்துத் தீர்வு தேடுவதற்கு முன்னால் தூரத்தைப் பாருங்கள். வாய்க்கும் மைக்குக்கும் இடையிலான தூரத்தைப் பாதியாக்கினால் குரல் ஏறத்தாழ 6 டெசிபெல் கூடிக் கிடைக்கும். சிம்பல் சத்தம் கூடாமல் இருந்த இடத்திலேயே இருக்கும். எனவே நான்கு விரல் தூரத்தில் பாடுபவரை இரண்டு விரல் தூரத்துக்கு வரச் சொல்வதே முதல் மருந்து. மிக நெருங்கினால் குரல் தடிக்கும் என்பதால் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ள தாழ் ஒலிகளை வெட்டிவிடுவேன். கிக்கின் அதிர்வும் அதோடு குறையும்.

அடுத்தது மைக்கின் சாய்வு. ஷூர் எஸ்எம்58 போன்ற கார்டியாய்டு மைக்குக்கு முதுகுப் பக்கம் காது மந்தம். மேலிருந்து வாயை நோக்கிச் சாய்த்து வைத்தால், அதன் முகம் ஸ்னேரையும் சேர்த்தே பார்த்துக்கொண்டிருக்கும். நீண்ட கை கொண்ட பூம் ஸ்டாண்டை ஹைஹேட் பக்கமிருந்து கொண்டுவந்து, கடைசி ஒரு சாண் மட்டும் கீழிருந்து மேலாகச் சாய்த்தால், ஸ்னேர் அதன் முதுகுப் பக்கம் போய்விடும். டிரம்ஸ்காரரின் இடது கை ஸ்டாண்டில் இடிக்கிறதா என்பதைக் கச்சேரிக்கு முன்னால் அவரை வேகமான பாட்டு ஒன்றை வாசிக்கச் சொல்லியே சரிபார்ப்பேன். மெதுவாக வாசித்துக் காட்டினால் உண்மை தெரியாது. பாடுபவர் தம் குரலைக் கேட்பதற்கான மானிட்டர் ஸ்பீக்கரையும் மைக்கின் முதுகுக்கு நேராகவே வைக்க வேண்டும், இல்லாவிட்டால் ஊளையிடும். இன்னும் குறுகலாகக் கேட்கும் சூப்பர்கார்டியாய்டு மைக்காக இருந்தால் நேர் பின்னால் வைக்காமல் சற்றுப் பக்கவாட்டில் வைக்க வேண்டும், அதன் மந்தப் பகுதி அங்கேதான் இருக்கிறது.

ஹெட்செட் மைக் கேட்டு வருபவர்கள் உண்டு. தலையைத் திருப்பினாலும் தூரம் மாறாது என்பது அதன் பெரிய பலன். ஆனால் அவை பெரும்பாலும் ஒலியை நுட்பமாகப் பிடிக்கும் கண்டென்ஸர் வகை என்பதால் சிம்பலை ஆசையோடு எடுத்துக்கொள்ளும். பாடாத பிஜிஎம் (பின்னணி இசை) பகுதிகளில் அதை மூடுவதற்கு என் கை ஃபேடரிலேயே இருக்க வேண்டும். அதற்காகவே பாட்டுப் பட்டியலை முன்கூட்டியே கொடுங்கள் என்று குழுத்தலைவர்களிடம் மன்றாடுகிறேன். கொடுத்த குழுக்களின் கச்சேரி எப்போதும் நன்றாகவே அமைந்திருக்கிறது.

காங்கயம் பக்கத்திலிருந்து, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

எனக்கு டிரம்ஸ் தெரியாது. ஆனால் கோபி நண்பர் எழுதியதைப் படித்ததும் நம் வட்டாரத்தின் உடுக்கடிப் பாட்டு நினைவுக்கு வந்ததால் எழுதுகிறேன். பொன்னர், சங்கர், அவர்களின் தங்கை அருக்காணி ஆகியோரின் அண்ணன்மார் கதையைக் கொங்கு நாட்டில் இரவு இரவாகப் பாடுபவர்கள், தாமே உடுக்கை அடித்துக்கொண்டுதான் பாடுகிறார்கள். பிரெண்டா பெக் என்ற மானிடவியலாளர் 1965-ல் எங்கள் பகுதியின் ஓலப்பாளையத்தில் இந்தக் கதையை முழுமையாக ஒலிப்பதிவு செய்தார்.

நான் இளைஞனாக இருந்தபோது பக்கத்து ஊரில் கதை வைத்திருந்தார்கள். பாடுபவருக்கு மிக அருகில் உட்கார்ந்து கேட்கும் வாய்ப்புக் கிடைத்தது. இடது கை உடுக்கையின் இடையைப் பிடித்திருக்கும். வலது கை விரல்கள் தோலில் விளையாடும். அவர் வரியைப் பாடும்போது விரல்கள் தொட்டும் தொடாமலும் நகர்ந்தன. வரி முடிந்த கணத்தில் இடையிலுள்ள கயிற்றை அழுத்தி ஒலியை மேலே தூக்கி அடித்தார். பின்பாட்டுக்காரர் அப்போதுதான் வாங்கிப் பாடினார். பாடியவர் அந்த இடைவெளியிலேயே மூச்சு எடுத்துக்கொண்டார். வசனமாகக் கதை சொல்லும்போது உடுக்கையை மடியில் சாய்த்துவிட்டார். அண்ணன்மார் போரில் மாளும் படுகளம் நெருங்க நெருங்க வரிகள் குறுகின, அடி நெருங்கியது, கூட்டத்தில் சிலர் அருள் வந்து விழுந்தார்கள். அவருக்குக் கை தடுமாறவும் இல்லை, சொல் குழறவும் இல்லை.

மறுநாள் அவரிடம், அடிப்பதும் பாடுவதும் ஒரே நேரத்தில் எப்படி வருகிறது என்று கேட்டேன். கதை தெரிந்தால் கை தானாக வரும் என்று மட்டும் சொல்லிவிட்டு வெற்றிலைப் பையைத் திறந்தார். நம் மேடைகளில் டிரம்ஸ்காரர் பாடுவதை மேல்நாட்டுப் பழக்கமாக யாரேனும் சொன்னால், இந்தப் பாட்டுக்காரர்களையும் அவர்களுக்குச் சொல்லுங்கள்.

கோயம்புத்தூரிலிருந்து, கல்லூரி இசைக்குழுவில் டிரம்ஸ் வாசிக்கும் மாணவி:

எனக்கு நேர்ந்தது இதற்கு எதிர்ப்புறமான அனுபவம். எங்கள் குழுவில் நான் வாசித்தபடியே இரண்டு பாட்டுகளைப் பாடினேன். ஒரு போட்டிக்குப் பிறகு நடுவர்களில் ஒருவர் என் குரலைப் பாராட்டிவிட்டு, "டிரம்ஸைப் பையன் யாரிடமாவது கொடுத்துவிட்டு முன்னால் வந்து பாடும்மா, முகமே தெரியமாட்டேன் என்கிறது" என்றார். அவர் நல்லெண்ணத்தோடுதான் சொன்னார் என்பது தெரியும். இருந்தாலும் இரவு முழுவதும் எனக்கு மனம் ஆறவில்லை.

அதன் பிறகு தி கார்ப்பெண்டர்ஸ் என்ற அமெரிக்கக் குழுவின் பாடகி கேரன் கார்ப்பெண்டரைப் பற்றித் தேடிப் படித்தேன். பள்ளிப் பருவத்திலேயே டிரம்ஸ் பழகியவர். தம்மை முதலில் டிரம்ஸ் வாசிப்பவராகவே கருதியவர். அவருடைய தாழ்ந்த, கனிந்த குரல் புகழ்பெற்ற பிறகு, டிரம்ஸுக்குப் பின்னால் மறைந்துவிடுகிறார் என்று சொல்லி மேடையின் முன்பக்கம் அழைத்து வந்தார்கள். 1983-ல், 32 வயதில் அவர் மறைந்தார். அவருடைய டிரம்ஸ் வாசிப்பைக் கேட்கும்போதெல்லாம், அதை முன்னால் கொண்டுவர ஏன் யாருக்கும் தோன்றவில்லை என்று வருத்தமாக இருக்கிறது. மேடையில் முகம் தெரியவில்லை என்றால் டிரம்ஸை முன்னால் நகர்த்தலாமே? இங்குள்ள அனுபவசாலிகள் சொல்லுங்கள்.

மீண்டும் கோபிசெட்டிபாளையத்திலிருந்து:

நகர்த்தலாம் அம்மிணி, தாராளமாக நகர்த்தலாம். நாங்கள் டிரம்ஸை மேடையின் வலது ஓரத்தில், கூட்டத்துக்குப் பக்கவாட்டாகத் திருப்பி வைத்துப் பார்த்திருக்கிறோம். பாடுபவரின் முகமும் தெரிகிறது, கைகளும் தெரிகின்றன, சிம்பல்கள் மற்றப் பாடகர்களின் மைக்குக்கு நேராக ஒலிப்பதும் குறைகிறது. கிராஷ் சிம்பலை ஒரு சாண் தாழ்த்தி வையுங்கள், அதுதான் முகத்தை மறைக்கிறது. திருப்பூர்த் தம்பி சொன்னபடி பூம் ஸ்டாண்டு ஹைஹேட் பக்கமிருந்து வந்தால் இந்த அமைப்புக்குச் சரியாகவே பொருந்தும்.

ஆசிரியர் ஐயாவுக்கு ஒரு வேண்டுகோள். உடுக்கடிப் பாட்டு இந்த ஆடியில் உங்கள் பக்கம் எங்கேனும் நடப்பதாக இருந்தால் தெரிவியுங்கள். எங்கள் தபேலாக்காரரையும் அழைத்துக்கொண்டு வருகிறேன். வரிக்கு நடுவில் விரல் எப்படி அடங்கியிருக்கிறது என்பதை அவரும் நானும் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.